தோல் தானாக விடும்வரை

"ஐயா, அதப் போட்டு ஏன் நோண்டிக்கிட்டே இருக்க? தோசை வெந்தா தானா எந்திரிச்சு வரும்லா. இதுவும் அப்படித்தான் இருக்கும். கைய எடு."

அம்மா சியாட்டலுக்கு வந்த இரண்டாவது வாரம் அது. சட்டியில் சால்மன் துண்டு, தோல் கீழே பார்த்தபடி கிடந்தது. தோசைக் கரண்டியை அதன் அடியில் நுழைக்க நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக எனக்கு இதே பாடுதான். சதை மட்டும் பிய்ந்து வரும், தோல் சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, உடைந்த மீனைத் தட்டில் வைத்துச் சாப்பிடுவேன்.

அம்மா சொல்கிறாளே என்று கையை எடுத்தேன். இரண்டு நிமிடம் போயிருக்கும். சட்டியின் கைப்பிடியைப் பிடித்து லேசாக அசைத்தேன். மீன் முழுசாக வழுக்கி நகர்ந்தது.

அம்மா தூத்துக்குடிக்காரி. சீலா, பாறை, ஊளி, சாளை என்று பிறந்ததிலிருந்து மீனோடு புழங்கியவள். ஆனால் சால்மனைக் கண்ணால் பார்த்ததே இங்கே வந்துதான். அந்த மீனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தோசைக்கல்லைத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து இந்தச் சாப்பாட்டைப் பலமுறை செய்துவிட்டேன். வாணலியும் குழம்பும் இல்லாமல் ஒரு மீன் துண்டும் ஒரு கைப்பிடி பச்சை இலையும் மட்டும். வாரநாள் இரவுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. செய்யச் செய்ய ஒன்று புரிந்தது. மீனுக்கும் இலைக்கும் தேவைப்படும் வேலை ஒன்றேதான்: ஈரத்தைப் போக்குவது. அதைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் பத்து நிமிடம். செய்யாவிட்டால் எவ்வளவு விலையுள்ள மீனை வாங்கினாலும் பயனில்லை.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் உணவகங்களில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் காலா மீன். நல்ல மீன், ஆனால் சால்மன் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் இருக்கும் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் சால்மன் என்றால் ஐந்து வகை: சினூக், சாக்கை, கோஹோ, பிங்க், சம். சினூக்கைக் கடைக்காரர்கள் கிங் என்பார்கள். பெரியது, கொழுப்பு மிகுந்தது, விலையும் அதற்கேற்ப. சாக்கை அடர்சிவப்பு. கடலில் கூனி இறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்று வாழ்வதால் வரும் நிறம் அது. அந்த நிறமிக்கு அஸ்டாஸாந்தின் என்று பெயர். பண்ணையில் வளரும் அட்லாண்டிக் சால்மனுக்கு அதே நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். கொடுக்காவிட்டால் சதை வெளிறிச் சாம்பல் பாய்ந்திருக்கும்.

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே திரும்புகிற மீன் இது. ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை எடுக்காது. கடலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் எதிர்நீச்சல் போடும். ஆறு எவ்வளவு நீளமோ அவ்வளவு கொழுப்பு வேண்டும். அலாஸ்காவின் காப்பர் ஆறு 450 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, குளிர்ந்த வேகமான நீர். அதன் முகத்துவாரத்தில், ஆற்றில் ஏறுவதற்கு முன் பிடிபடும் மீன் அவ்வளவு நெய்ப்பாக இருப்பது அதனால்தான். மே மாதம் நடுவில் அந்தப் பருவம் தொடங்கும். முதல் மீன்கள் விமானத்தில் சியாட்டல் வந்து இறங்குவது இங்கே தொலைக்காட்சிச் செய்தி.

அம்மாவை பாலர்ட் லாக்ஸுக்கு அழைத்துப்போனேன். கடலுக்கும் வாஷிங்டன் ஏரிக்கும் நடுவே 1917-இல் திறக்கப்பட்ட நீர்ப்பூட்டு அது. படகுகளை ஏற்றி இறக்க மதகுகள். பக்கத்திலேயே மீன்கள் ஏறிப்போக 21 படிகள் கொண்ட ஒரு மீன்படிக்கட்டு. தரைக்குக் கீழே இறங்கினால் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கும். ஜூலையில் சாக்கை, ஆகஸ்டில் சினூக், செப்டம்பரில் கோஹோ அதிகம் தெரியும். அம்மா கண்ணாடியில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றாள். ஒரு மீன் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு விருட்டென்று அடுத்த படிக்குப் போய்விட்டது. "முட்ட போடத்தான் இவ்வளவு பாடா?" என்றாள். வீட்டுக்கு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

இந்தக் கரையின் பழங்குடி மக்கள் ஆண்டின் முதல் சால்மனை வரவேற்றுச் சடங்கு செய்து, உண்டபின் அதன் எலும்பை மறுபடி நீரிலேயே விடுவார்கள். மீன் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. இங்கு பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு உரியது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1974-இல் தீர்ப்பளித்தது. இதே பகுதியில் ஓடும் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை உடைத்து அகற்றினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு அடைபட்டிருந்த மேலாற்றுக்குச் சால்மன் மறுபடி ஏறியது. இதெல்லாம் தெரிந்தபிறகு இந்த மீனைப் பிய்த்துக் குதறிச் சமைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

கடையில் தோலோடு உள்ள துண்டைக் கேளுங்கள். நடுப்பகுதித் துண்டாக இருந்தால் சீராக வேகும்; வால்பக்கம் மெல்லியது, சீக்கிரம் காய்ந்துபோகும். ஆளுக்கு 150-லிருந்து 180 கிராம். செதில் எடுத்தாகிவிட்டதா என்று விரலால் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் கத்தியின் மொட்டைப் பக்கத்தால் சுரண்டிவிடுங்கள். சதையின் மேல் விரலை ஓட்டினால் நடுவில் வரிசையாக ஊசிமுள் தட்டுப்படும். இடுக்கியால் முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சதை கிழியாது.

உறைந்த மீனைப் பற்றிக் கேவலமாக நினைக்க வேண்டாம். பிடித்த உடனே உறையவைத்த மீன், பனிக்கட்டிமேல் ஐந்து நாள் கிடந்த 'பிரெஷ்' மீனைவிட நன்றாகவே இருக்கும். முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் போதும். ஒன்று முக்கியம். காற்றுப் புகாத பையில் வந்த மீனாக இருந்தால், உருகவைக்கும் முன் பையை வெட்டித் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு அந்தப் பை வசதியாகிவிடும். எனக்கு இது வெகுநாள் தெரியாது.

இனி ஈரம். நீர் 100 டிகிரியில் கொதிக்கும். தோலின்மேல் ஈரம் இருக்கும்வரை தோல் அந்தச் சூட்டைத் தாண்டாது. மீனோ தோசையோ பொன்னிறமாக முறுகி மணக்க, ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஐஸ்போல் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் ஆகுமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆகும் அந்த நீரை ஆவியாக்க. அந்த வெப்பமெல்லாம் சட்டியிலிருந்துதான் போகவேண்டும். ஆகவே ஈரமான மீனைப் போட்டால் சட்டி குளிர்ந்துபோகும். மீன் வறுபடாமல் தன் தண்ணீரிலேயே அவியும். ஈரமான சதை சூடான இரும்போடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்து முறுகி ஒரு பொருக்கு உருவானபின் தானாக விட்டுவிடும். அம்மா சொன்ன தோசைக்கணக்கு இதுதான்.

நான் செய்வது: காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மீனைப் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்து, உப்பைப் பரவலாகத் தூவி, தோல் மேலே தெரிய ஒரு தட்டில் வைத்து, மூடாமல் பிரிட்ஜில் விட்டுவிடுவேன். சாயங்காலம் பார்த்தால் தோல் காகிதம்போல் காய்ந்திருக்கும். காலையில் நேரமில்லையா, அடுப்பில் வைக்கும் அந்த நொடியில் உப்பைப் போடுங்கள். உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சமைப்பதுதான் ஆக மோசம்; அப்போதுதான் உப்பு உள்ளிருக்கும் நீரையெல்லாம் மேலே இழுத்து வைத்திருக்கும். சமைக்கும் முன் கத்தியின் முனையால் தோலை ஒருமுறை வழித்துப் பாருங்கள். துடைத்தாகிவிட்டது என்று நினைத்த தோலிலிருந்தும் ஒரு கோடு தண்ணீர் வரும்.

அம்மா இந்த இடத்தில் மஞ்சள்பொடியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மீன் என்றால் மசாலா பிரட்டி அரைமணி நேரம் ஊறவேண்டும். அந்த வறுவலுக்கு ஈடு இணை கிடையாது, சீலாத் துண்டுக்கு அதுதான் சரி. ஆனால் சால்மனின் தோலை முறுக்க வேண்டுமானால் ஈர மசாலா கூடாது, பொடி கருகிக் கசக்கும். நெய்ப்பான மீன் என்பதால் அதன் சுவையே வாயை நிரப்பும். "இன்னைக்கு ஒரு நாள் எனக்காக விடும்மா" என்றேன். டப்பாவை மூடினாள். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

சட்டி கனமானதாக இருக்கட்டும். என்னிடம் இருப்பது வார்ப்பிரும்புச் சட்டி. பழகிய இரும்புத் தோசைக்கல்லிலும் செய்யலாம், விளிம்பு இல்லாததால் எண்ணெய் தெறிக்கும், அவ்வளவுதான். சூட்டைத் தாங்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. நான் ரீஃபைண்ட் கடலை எண்ணெய் விடுகிறேன். மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து, எண்ணெய் சட்டியில் நீர்போல் ஓடி மினுமினுக்கும்போது மீனைத் தோல் கீழாக, நம்மைவிட்டு விலகும் திசையில் படுக்கவைக்க வேண்டும். 'ஸ்ஸ்' என்று ஓங்கிச் சத்தம் வரவேண்டும். முணுமுணுப்பாக வந்தால் சட்டி சூடாகவில்லை.

வைத்த உடனே தோல் சுருங்கி மீன் வில்லாக வளையும். தோசைக் கரண்டியால் மெல்ல அழுத்திப் பதினைந்து நொடி பிடித்துக்கொள்ளுங்கள், தோல் முழுக்கச் சட்டியில் படியும். பிறகு தீயைக் குறைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இந்தச் சமையலில் கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது, ஒன்றும் செய்யாமல் நிற்பது. பக்கவாட்டில் பாருங்கள். அடர்ந்த கண்ணாடிச் சிவப்பாக இருக்கும் சதை, கீழிருந்து மெல்ல மெல்ல வெளிர்ரோஜாவாக மாறி மேலே ஏறும். இரண்டரை மூன்று சென்டிமீட்டர் தடிமன் உள்ள துண்டுக்கு ஐந்தாறு நிமிடம். மெல்லிய சாக்கைக்கு மூன்று நான்கு. நிறம் முக்கால் உயரத்துக்கு ஏறியதும் சட்டியை அசைத்துப் பாருங்கள். நகர்ந்தால் திருப்பலாம். நகராவிட்டால் இன்னும் அரைநிமிடம். திருப்பியபின் ஒரு நிமிடமே அதிகம். கடைசியில் சின்னத் துண்டு வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் போட்டு, உருகியதைக் கரண்டியால் சதைமேல் விடுவேன், தோல்மேல் விடமாட்டேன்.

வெந்துவிட்டதா என்பதற்கு நான் சமையல் வெப்பமானியை நம்புகிறேன். அமெரிக்க அரசின் பரிந்துரை 63 டிகிரி செல்சியஸ். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் உண்பதாக இருந்தால் அதைத்தான் பின்பற்றவேண்டும். அம்மாவின் துண்டை நான் அப்படித்தான் வேகவைத்தேன். எனக்கு மட்டும் என்றால் நடுப்பகுதி 50 டிகிரி வரும்போது எடுத்துவிடுவேன். தட்டில் வைத்தபின்னும் சூடு இரண்டு மூன்று டிகிரி ஏறும். விரலால் அழுத்தினால் சதை மடல் மடலாகப் பிரியும், உள்ளே பளபளப்பு இருக்கும். சூடு மீறினால் சதைநார் இறுகி, உள்ளிருக்கும் புரதநீரைப் பிழிந்து தள்ளும். அதுதான் மேலே வெள்ளையாகத் திரண்டு நிற்கும். சாப்பிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நிறைய வந்தால், தீ அதிகம் அல்லது நேரம் அதிகம் என்று மீனே சொல்கிறது என்று பொருள்.

இப்போது இலை. நம் வழக்கத்தில் கீரையை மசிப்போம், பொரிப்போம், கூட்டு வைப்போம். பச்சையாகத் தின்பது அம்மாவுக்கு வேடிக்கையாக இருந்தது. சனிக்கிழமை யூனிவர்சிட்டி டிஸ்ட்ரிக்ட் உழவர் சந்தைக்குக் கூட்டிப்போனேன்; 1993-இலிருந்து நடக்கிறது அது. அங்கே அருகுலா இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, "கடுகு மாதிரி ஏறுதே" என்றாள். சரியாகச் சொன்னாள், அருகுலா கடுகுக் குடும்பத்துச் செடிதான். நெய்ப்பான மீனுக்குப் பக்கத்தில் இந்தக் காரம் வேண்டும். அதோடு மிருதுவான பட்டர் லெட்டூஸ், பிஞ்சுப் பசலை, கசப்புக்குக் கொஞ்சம் ராடிக்கியோ, மெல்லிய வட்டமாக முள்ளங்கி. காரம், கசப்பு, மென்மை மூன்றும் இருந்தால் வேறு பெரிய யோசனை தேவையில்லை. வாரக்கணக்கில் பிளாஸ்டிக் பெட்டியில் புழுங்கிய இலையை மட்டும் வாங்காதீர்கள்.

இலை கழுவ அம்மாவிடம் விட்டேன். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, இலையை அமிழ்த்தி அலசி, இரண்டு கையாலும் இலையை அள்ளி எடுத்தாள். தண்ணீரைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேலேயே விழும். நான் இத்தனை நாள் கவிழ்த்துக்கொண்டிருந்தவன். மூன்று தண்ணீர் மாற்றினாள். பிறகு "எதுல உலத்துறது?" என்று கேட்டாள். என்னிடம் இலையைச் சுழற்றி நீர் வடிக்கும் டப்பா கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பருத்தித் துண்டை விரித்தாள், இலையைப் போட்டு நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்தாள், பால்கனிக்குப் போய் மூட்டையைச் சுழற்றினாள். தண்ணீர் வட்டமாகத் தெறித்தது. மாலை வெயிலில் அந்தத் துளிகள் மினுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

இலையும் மீனைப் போலத்தான். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. எலுமிச்சையும் உப்பும் தண்ணீரில் கரைந்து தட்டின் அடியில் தேங்கிவிடும். கடைசிக் கவளம் புளித்த தண்ணீராக இருக்கும்.

கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு சிட்டிகை உப்பு. உப்பை முதலில் சாற்றில் கரையுங்கள், எண்ணெயில் அது கரையாது. அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகு விழுது, கால் தேக்கரண்டி தேன், மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய். மூடிபோட்ட சின்னப் பாட்டிலில் குலுக்கினால் கடுகு விழுது சாற்றையும் எண்ணெயையும் பிடித்துவைக்கும், சீக்கிரம் பிரியாது. பச்சை ஆலிவ் எண்ணெய் வாசனை பிடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலக்கலாம், நான் கலக்கிறேன். கடைசியில் நுணுக்கிய மிளகு. அதில் அம்மா ஒரு சிட்டிகை வறுத்த சீரகப்பொடியைச் சேர்த்தாள். நான் தடுக்கவில்லை, அதற்குப்பின் நானும் விட்டதில்லை.

மீன் சட்டியில் திரும்பிய பிறகுதான் இலையைக் கலக்கவேண்டும். எண்ணெயும் உப்பும் பட்ட இலை சீக்கிரம் துவண்டுவிடும். கரண்டி வேண்டாம், கையால் அளைந்தால் இலை கசங்காது. உணவகங்களில் இலையைக் கீழே பரப்பி மீனை அதன்மேல் வைத்துத் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மீன்சூட்டில் இலை வதங்கும், இலையின் ஈரத்தில் தோல் நமுத்துப்போகும். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தோல் மேலே இருக்கட்டும்.

அன்றைக்கு அம்மா முதலில் தோலை மட்டும் பிய்த்து எடுத்தாள். கடித்ததும் அப்பளம்போல் சத்தம் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாய் எடுத்தாள். இலையை மீனோடு சேர்த்துச் சாப்பிட அவளுக்குத் தோன்றவில்லை. தனியாகத் தின்றாள், கடைசி இலைவரை. மறுநாள் கடைக்காரரிடம் கேட்டுச் சால்மன் தலை ஒன்றை வாங்கிவந்து, புளி கரைத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். மஞ்சள்பொடி டப்பா அப்போது திறந்தது. அந்தக் குழம்பைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துக் காணொளியில் கூப்பிட்டாள். மீன்காரரிடம் சொல்லி ஒரு விளைமீனை முள்ளெடுத்து, தோலோடு இரண்டு பக்கமாக வெட்டி வாங்கியிருக்கிறாள். எதற்கு இப்படி என்று அவர் இரண்டுமுறை கேட்டாராம். துணியில் ஒற்றி, உப்பு மட்டும் போட்டு, தோசைக்கல்லில் வைத்திருக்கிறாள்.

"விட்டுச்சா?" என்றேன்.

"தொடவே இல்லய்யா. தானா விட்டுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "மஞ்சப்பொடி போடலன்னு அப்பாட்ட சொல்லல" என்றாள்.